1,849 ரூபாய்க்கு அரைக்கீரை வளர்த்த கதை: பூ விதை கிட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நேற்று ராத்திரிதான் அந்தக் கடைக்காரர்கள் என் நம்பரை பிளாக் செய்தார்கள்.

எங்கள் பிளாட்டில் வெயில் எட்டிப் பார்க்காது. மாடியில் தொட்டி வைக்க அசோசியேஷன் விடாது. அப்போதுதான் ரீல்ஸில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டுக்குள்ளேயே விதையிலிருந்து பூச்செடி! பெட்டூனியா, நீல ரோஜா என்று 12 பொட்டலம் விதை, குழித்தட்டு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி, ஊதா வெளிச்சம் தரும் எல்இடி விளக்கு. முன்பணம் கட்டினால் 100 ரூபாய் தள்ளுபடி, ஆக 1,849 ரூபாய். கடைக்கு முகவரி கிடையாது, வாட்ஸ்அப் எண் மட்டும்.

எனக்கும் சந்தேகம் வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு தம்பி அவ்வளவு பொறுமையாகப் பேசினார். "புதுசா வளர்க்கிறீங்களா அக்கா? பயப்படாதீங்க. முளைக்கலைன்னா முழுப் பணமும் வாபஸ். முதல் பூவை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?" என்றார். அம்மாவுக்கு என்றேன். அந்தக் கேள்வியில்தான் விழுந்தேன். போனை வைத்த கையோடு பணம் அனுப்பினேன்.

பெட்டூனியா என்று ஒட்டியிருந்த பொட்டலத்தில் கடுகைவிடச் சிறிதாக, கறுப்பாக, பளபளவென்று விதைகள். கோகோபீட்டை ஊறவைத்து, பிழிந்து, குழிக்கு இரண்டாகப் போட்டேன். நாலாம் நாள் முளைத்துவிட்டது! இளஞ்சிவப்புத் தண்டு, இரண்டு குட்டி இலை. படம் எடுத்து அனுப்பினேன். "சூப்பர் அக்கா, வாழ்த்துகள்" என்று பதில், கூடவே மூன்று இதயம்.

மூன்றாவது வாரம் எதிர் வீட்டுப் பாட்டி வந்தார். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, அரைக்கீரையைப் போயி லைட்டு போட்டு வளர்க்கிறே?" என்றார்.

மற்ற 11 பொட்டலத்தில் எதுவும் முளைக்கவில்லை. மூன்றில் இதே கறுப்பு விதைதான்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் "தண்ணி ஜாஸ்தி ஊத்தியிருப்பீங்க". அடுத்த நாள் "தண்ணி பத்தலை". பொட்டலத்தைப் பிரித்த வீடியோ இருக்கிறதா என்றார்கள். விதையைப் பிரிக்கும்போது யார் வீடியோ எடுப்பார்கள்? கடைசியில் வேறொருவர் பேசினார். "மேடம், முளைக்கலைன்னாதான் பணம் வாபஸ். உங்களுக்கு முளைச்சிருக்கே, நீங்களே படம் அனுப்பியிருக்கீங்க." என் சந்தோஷத்தையே எனக்கு எதிராகச் சாட்சி வைத்தார்கள். 1,849 ரூபாய் பெரிய தொகையா என்று வீட்டில் கேட்கிறார்கள். கீரைக்குப் பெரிய தொகைதான்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். நீல ரோஜா விதை என்று யார் விற்றாலும் பொய். ரோஜாவில் அந்த நீல நிறமியே கிடையாது. ஜப்பானில் மரபணுவை மாற்றி உருவாக்கி 2009-ல் விற்பனைக்கு விட்டார்களே, அதுகூடப் பார்க்க வெளிர் ஊதாதான். ரோஜாவை நம் ஊரில் பதியன், ஒட்டுக்கன்று என்றுதான் வாங்குவோம், இதை நானே யோசித்திருக்க வேண்டும். பெட்டூனியா விதை தூசி மாதிரி இருக்கும், அதனால் பெரும்பாலும் மேல்பூச்சு கொடுத்து உருண்டையாக்கித்தான் விற்பார்கள். பொட்டலத்தில் லாட் எண் (விதைத் தொகுப்பின் எண்), பரிசோதித்த தேதி, முளைப்புத்திறன் சதவீதம் இல்லையென்றால் வாங்காதீர்கள். என் பொட்டலங்களில் பூப் படம் மட்டும்தான் இருந்தது. முன்பணம் கட்டவே கட்டாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகார் கொடுத்துவிட்டேன். விளக்கையாவது யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்துப் பார்த்தால், அதிலும் ஒரு பக்கம் எரியவில்லை.