வாடகை வீட்டு ஓவனா, மூடி போட்ட இரும்புச் சட்டியா?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான்கு கோழிக்கால். சூடு ஒழுங்காக ஏறாத வாடகை வீட்டு ஓவனில் வாட்டுவதா, அடுப்பில் சட்டியில் வேகவைப்பதா? ஓவன் குமிழை 200 டிகிரியில் வைத்தும் உள்ளே 170தான் ஏறுகிறதென்றால், பெரும்பாலும் கோளாறு சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில்; இல்லையேல் கதவு ரப்பர் தளர்ந்து சூடு கசிகிறது. ஓவன்தான் என்றால், உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று கட்டாயம். கீழ்த்தட்டில் கனமான தோசைக்கல்லைப் போட்டு 30 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள்; கல் சூட்டைப் பிடித்துவைப்பதால் ஏற்ற இறக்கம் குறையும். பின்பக்கம் கருகினால் பாதியில் தட்டைத் திருப்புங்கள். எட்டிப் பார்க்கக் கதவைத் திறந்துகொண்டே இருந்தால் எல்லாம் வீண். 45 நிமிடம், கூடவும் ஆகலாம்.

சட்டியில் இந்தத் தலைவலி கிடையாது. ஈரம் போகத் துடைத்த கால்களை, ஒரு ஸ்பூன் எண்ணெயில், தோல் அடியில் இருக்கும்படி மிதமான தீயில் 10–12 நிமிடம் விடுங்கள். தோல் பொன்னிறமானதும் தானாகவே சட்டியை விட்டு வரும். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும். திருப்பிப் போட்டு, ஓரமாகக் கால் கப் தண்ணீர் விட்டு, மூடி 20 நிமிடம். ஒரே குறை, ஆவியில் தோல் இளகிவிடும். மூடியை எடுத்துத் தண்ணீர் சுண்டியதும் மறுபடி தோல்பக்கம் 2 நிமிடம் வாட்டினால் மொறுமொறுப்பு திரும்பும்.

எதில் சமைத்தாலும் எலும்பருகே 74 டிகிரி வந்தாக வேண்டும். வாரநாளில் சட்டிதான். எட்டுப் பேர் வந்தால் ஓவன். கேக் மட்டும் இந்த ஓவனில் வேண்டாம்.