தக்காளி டைமர்: நாலு மாதம் வைத்துப் படித்த பிறகு

வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடையில் 280 ரூபாய்க்கு வாங்கினேன். தக்காளி வடிவத்தில், முறுக்கிவிட்டால் ஓடுகிற சமையலறை டைமர். பேட்டரி கிடையாது. போனிலேயே டைமர் இருக்கிறதே என்று கேட்பார்கள். போனைக் கையில் எடுத்தால் நான் படிப்புக்குத் திரும்பி வர அரை மணி நேரம் ஆகிவிடும், அதனால்தான் இது.

1980-களின் கடைசியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் கல்லூரியில் படிக்கும்போது இதே மாதிரி தக்காளி டைமரை வைத்து உண்டாக்கிய முறைதான் போமோடோரோ. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. நாலு சுற்று முடிந்தால் கொஞ்சம் நீண்ட ஓய்வு.

எம்.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கிறேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். வீட்டுக்கு வந்தால் கிடைப்பது ராத்திரி ரெண்டு மணி நேரம். முதல் நாள் ரியல் அனாலிசிஸில் ஒரு தேற்றம், ஒரு சுற்றில் முடிந்துவிடும் என்று உட்கார்ந்தேன். மூன்று சுற்று ஆனது. அன்றைக்குத்தான் என் நேரக் கணக்கு எவ்வளவு தப்பு என்று புரிந்தது. அதிலிருந்து நோட்டின் ஓரத்தில் சுற்றுக்கு ஒரு பென்சில் கோடு போடுகிறேன். முதல் இன்டர்னலில் 25-க்கு 11, அடுத்ததில் 18. டைமரை விட அந்தக் கோடுகளுக்குத்தான் இதில் பங்கு அதிகம் என்பேன்.

விடுதியில் இருக்கும் என் தோழிக்கு ஒரு வாரம் கொடுத்தேன். "மணி அடிக்கும்போதுதான் கணக்கே பிடிபட ஆரம்பிக்குது" என்று திருப்பித் தந்துவிட்டாள். எதையும் அன்றன்றே முடிக்கிற சுபாவம் அவளுக்கு. உளவியலார் ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் மதிப்பெண்ணோடு அதிகம் சேர்ந்து வருவது இந்தப் பொறுப்பும் ஒழுங்கும்தான். அவளுக்கு இந்த டைமர் வேண்டாம். உட்காரவே மனசு வராத என்னைப் போன்றவர்களுக்குத்தான் வேண்டும்: 25 நிமிடம்தானே என்று உட்கார்ந்துவிட முடிகிறது.

குறை? சத்தம். "ஏட்டி, என்னட்டி அது டிக் டிக்குன்னு?" என்று அம்மா முதல் நாளே கேட்டாள். துண்டை நாலாக மடித்து அதன்மேல் வைத்தால் பரவாயில்லை. நூலகத்துக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். அப்புறம், நேராக 25-ல் வைத்தால் மணி சில நேரம் சரியாக அடிப்பதில்லை. 60 வரை முழுதாகத் திருகி, பிறகு 25-க்குக் கொண்டுவர வேண்டும். வாங்கும்போது கடையிலேயே ஒருதரம் ஓடவிட்டு, மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.