பெல்டியருக்கு எந்த பவர் சப்ளை: பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸா, தகரப் பெட்டியா, பெஞ்ச் சப்ளையா?

பெல்டியர் தகடு (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சின்னத் தகடு) கைக்கு வந்ததும் எல்லோரும் வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு 12 வோல்ட் அடாப்டரைத்தான் தேடுவோம். நானும் தெர்மகோல் பெட்டியில் டிஇசி1-12706 என்ற தகடு ஒன்றைப் பொருத்தி, ரவுட்டரின் 2 ஆம்பியர் அடாப்டரைக் கொடுத்தேன். விசிறி அரைச் சுற்று சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். பெட்டி குளிரவே இல்லை.

விஷயம் தகட்டின் பெயரிலேயே இருக்கிறது. 127 என்பது உள்ளே உள்ள ஜோடிகள், 06 என்பது அதிகபட்சம் 6 ஆம்பியர். மின்தடை சுமார் 2 ஓம். ஆக, 12 வோல்ட் கொடுத்த கணத்தில் 6 ஆம்பியர் இழுக்கும். ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடானதும் தகடே எதிர் வோல்டேஜ் தர ஆரம்பிப்பதால் நாலரை, ஐந்துக்கு இறங்கும். அதனால் 5 ஆம்பியர் அடாப்டரையும் நம்ப முடியாது. போட்டவுடனே ஓவர்லோடு என்று நின்று நின்று வரலாம்.

மிச்சம் மூன்று வழி. பரணில் கிடக்கும் கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (அதன் பவர் சப்ளை பெட்டி) செலவில்லாதது. பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடத் தொடங்கும், 12 வோல்ட் லைனில் ஆம்பியருக்குப் பஞ்சமில்லை. ஆனால் வோல்டேஜைக் குறைக்க வழியில்லை. மஞ்சளுக்கும் (12 வோல்ட்) சிவப்புக்கும் (5 வோல்ட்) நடுவே 7 வோல்ட் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சின்ன விசிறிக்கு அது சரிப்படலாம். 3 ஆம்பியரை 5 வோல்ட் லைனுக்குள் திருப்பித் தள்ளுவது வம்பை விலைக்கு வாங்குவது.

சிசிடிவி, எல்இடி வேலைக்காரர்கள் மாட்டும் ஓட்டை போட்ட தகரப் பெட்டி, 12 வோல்ட் 10 ஆம்பியர். ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பினால் ஒன்றிரண்டு வோல்ட் ஏறி இறங்கும். இரவும் பகலும் ஓடவே செய்தது. ஒரே பயம், 230 வோல்ட் முனைகள் திறந்து கிடப்பது; மூடி போட்டு எர்த்தையும் இணைத்துவிடுங்கள்.

வோல்டேஜையும் கரண்டையும் நாமே திருகி வைத்துக்கொள்ளும் 30 வோல்ட் 5 ஆம்பியர் பெஞ்ச் சப்ளைதான் விலை அதிகம். ஆனால் கரண்டையே பிடித்து நிறுத்தலாம் என்பதால், பெல்டியரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. 12 வோல்ட்டில் தகடு ஏறத்தாழ 55 வாட் சாப்பிடும். 8 வோல்ட்டுக்கு இறக்கினால் 25 வாட்தான். தகட்டின் இரு பக்கத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று கணக்குப் போட்டால் குளிர்விக்கும் திறன் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. ஹீட்சிங்க் (சூடான பக்கத்தில் ஒட்டி, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) சின்னதாக இருந்தால், வோல்டேஜைக் குறைத்தபோது பெட்டி இன்னும் குளிர்வதையும் பார்க்கலாம். வெளியேற்ற முடியாத சூடு உள்ளேதானே திரும்பி வரும்? விசிறியை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனி 12 வோல்ட் வேண்டும்.

‘பிடபிள்யூஎம் போர்டு இருக்கே, அதில் குறைத்துக்கொள்ளலாமே?’ என்று கேட்பவர்கள் உண்டு. அதுதான் பொறி. அந்த போர்டு வோல்டேஜைக் குறைப்பதில்லை, மின்சாரத்தை வேகமாகப் போட்டுப் போட்டு அணைக்கிறது. குளிர்ச்சி கரண்டுக்கு நேர் விகிதம், தகட்டின் சொந்தச் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு (கரண்டை அதாலேயே பெருக்கியது). சீராக 3 ஆம்பியர் விட்டால் சூடு 18 வாட். அதே 3 ஆம்பியர் சராசரிக்கு, 6 ஆம்பியரைப் பாதி நேரம் விட்டு விட்டுக் கொடுத்தால் 36 வாட். குளிர்ச்சியில் கூடுதல் எதுவும் இல்லை. சுருளும் கெபாசிட்டரும் போட்டு அலையைச் சமப்படுத்தினால் பிரச்சினை இல்லை. ரிலே வைத்த தெர்மோஸ்டாட்டும் எனக்குப் பிடிப்பதில்லை: அணைத்தவுடன் ஹீட்சிங்க்கின் சூடு தகடு வழியாகவே பெட்டிக்குள் வருகிறது, அடிக்கடி சுருங்கி விரிந்து உள்ளே சால்டரும் விரிசல் விடும்.

யுபிஎஸ் பேட்டரி, 7 ஆம்பியர்-அவர்? ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

பணம் போட மனமில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்தான், ஒரு தந்திரத்தோடு: இன்னொரு தகடு வாங்கி இரண்டையும் தொடராக இணையுங்கள். ஆளுக்கு 6 வோல்ட், இரண்டரை ஆம்பியருக்குள். இரண்டும் சேர்ந்து சுமார் 30 வாட். என் தெர்மகோல் பெட்டி இப்போது அப்படித்தான் ஓடுகிறது. ஹீட்சிங்க்கைத் தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பெஞ்ச் சப்ளையை, இரவல் தந்த நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.