குளிர்காலக் குரோஷே பீனி: தடித்த நூலா, இரட்டை நூலா, இரண்டு அடுக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையோரத்தில் ஜூலை மாதக் குளிர்கால இரவு பெரும்பாலும் 10 பாகைக்கு மேலேயே நின்றுவிடும். 1,700 மீட்டருக்கு மேலே இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் அதே இரவு பூஜ்யத்தைத் தொடும், புல்லெல்லாம் உறைபனி. ஆடிக் கூழுக்கு விடியுமுன் ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் அடுப்பு மூட்ட நிற்பவருக்கும், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் மாலை நடைக்குப் போகிறவருக்கும் ஒரே குரோஷே பீனி (கொக்கி ஊசியால் பின்னும், தலையை ஒட்டிய தொப்பி) பொருந்தாது. பருமனான நூல் வாங்கிவிட்டால் போதும், குளிர் தாங்கும் என்ற நம்பிக்கைதான் முதலில் போக வேண்டும். சூடு தருவது நூலுக்குள் சிக்கி நிற்கும் காற்று. கண்ணிகளுக்கு இடையே ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து அதைத் துரத்திவிடும்.

அளவு எந்த முறைக்கும் ஒன்றுதான். புருவத்துக்குச் சற்று மேலே, காதின் மேல்பாகத்தைச் சேர்த்து நாடாவைச் சுற்றுங்கள். 56 செ.மீ. தலைக்குத் தொப்பி 51 அல்லது 52 செ.மீ. இருந்தால்தான் பிடிக்கும். சித்திரைக் காவடிக்கு மொட்டை போட்டவர் என்றால், முடி வளரும் வரைக்கும் இன்னும் ஒரு செ.மீ. குறைத்துக்கொள்ளலாம்.

சங்கி என்ற தடித்த நூலில் 8 மி.மீ. ஊசி போட்டு உச்சியிலிருந்து சுற்றிச் சுற்றி இறங்குவது எல்லோரும் தொடங்கும் வழி. ஒரே மாலையில் முடியும், பழகுவதற்கு நல்லது. ஆனால் அரை டிரெபிள் (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் நடுத்தர உயரக் கண்ணி) கண்ணியின் கால்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். முடித்ததை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தால் காற்றும் அந்த வழியாகத்தான் வரும். இடைவெளியை அடைக்க 6 மி.மீ. ஊசிக்கு இறங்கினால் துணி விறைத்து, தலையில் படியாமல் கூடைபோல் நிற்கும். டர்பனுக்கு இது தாராளம். மேட்டுநிலக் காலைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டு டபுள் நிட் (நடுத்தரப் பருமன் நூல்) இழைகளைச் சேர்த்துப் பிடித்து, 6.5 மி.மீ. ஊசியில் பக்கவாட்டாகப் பின்னுவது அடுத்தது. 10 செ.மீ.க்கு 11 கண்ணி என்று வைத்துக்கொண்டு கணக்கு: 33 சங்கிலி போட்டு மூன்றாவதில் தொடங்கினால் 31 அரை டிரெபிள், அதாவது சுமார் 28 செ.மீ. அதில் 7 செ.மீ. மடிப்புக்குப் போகும். இரண்டாம் வரிசையிலிருந்து கண்ணியின் பின் இழையில் மட்டும் ஊசியை விடுங்கள், அப்போதுதான் வரி வரியாக மேடு எழுந்து ரப்பர்போல் இழுபடும். இப்படி இழுபடும் துணி என்பதால், இழுக்காமல் 48 செ.மீ. வந்ததும் நிறுத்தலாம், ஏறக்குறைய 42 வரிசை. வரிசை இரட்டைப்படையாக இருந்தால் இரு ஓரத்தையும் சேர்த்துத் தைக்கும்போது மேடு பள்ளம் ஒழுங்காகத் தொடரும். நூல் 160 கிராம் வரை பிடிக்கும்.

இந்த முறை கெடும் இடம் உச்சி. 42 வரிசையின் ஓரத்தையும் நூல் கோத்துச் சுருக்கினால் முடிச்சுபோல் மொத்தையாகும், நடுவில் ஓட்டையும் நிற்கும். உச்சிப் பக்கம் வரும் கடைசி ஆறு கண்ணிகளில் நான்கை டபுள் குரோஷேயாகவும் (அரை டிரெபிளைவிடக் குட்டையான கண்ணி) இரண்டை ஸ்லிப் ஸ்டிச்சாகவும் (எல்லாவற்றிலும் குட்டையானது) போட்டால் அந்த ஓரம் தானாகவே குறுகும், சுருக்கு அடங்கும். (இங்கே சொல்லும் பெயர்கள் தென்னாப்பிரிக்காவில் புழங்கும் பிரிட்டிஷ் முறை. அமெரிக்க வடிவத்தில் சிங்கிள் குரோஷே என்று இருந்தால் அதுதான் நம் டபுள் குரோஷே.) கொண்டை போடுகிறவர்களுக்கு இந்த முறையில் ஒரு வசதி உண்டு: நூலுக்குப் பதிலாக முடி ரப்பரில் சுருக்கினால் கொண்டை வெளியே வரும்.

மூன்றாவது, இரண்டு மெல்லிய தொப்பிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து விளிம்பில் இணைப்பது. வேலை இரட்டிப்பு, ஆனால் கதகதப்பில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில்கூட வராது. டபுள் நிட் ஒற்றை இழை, வெளித்தொப்பிக்கு 4.5 மி.மீ. ஊசி. மேஜிக் ரிங்கில் (நூலை இழுத்தால் மூடிக்கொள்ளும் தொடக்க வளையம்) 8 அரை டிரெபிள் போட்டு, சுற்றுக்கு 8 கூட்டிப் பத்தாம் சுற்றில் 80 ஆக்குங்கள். வட்டம் 17 செ.மீ. அகலம் வந்திருக்க வேண்டும். ஓரம் அலை அலையாக நெளிந்தால் கூட்டியது அதிகம், கிண்ணம்போல் குவிந்தால் குறைவு. கூட்டலை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வைத்தால் எட்டு மூலை விழும், ஆகவே தள்ளித் தள்ளி வையுங்கள். பிறகு கூட்டாமல், உச்சி நடுவிலிருந்து 21 செ.மீ. ஆகும்வரை இறங்குங்கள்.

உள்தொப்பிக்கும் அதே 80 கண்ணிதான், ஊசி மட்டும் 4 மி.மீ. அதனால் சுற்றளவு தானாகவே குறைகிறது, இணைக்கும்போது கண்ணிக்குக் கண்ணி சரியாக உட்காருகிறது. நீளத்தை ஒரு செ.மீ. குறைத்தே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உள்பக்கம் வெளியே எட்டிப் பார்க்கும். பின்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, இரு விளிம்பையும் சேர்த்து ஒரு சுற்று டபுள் குரோஷே. உச்சியில் நான்கைந்து இழை தைத்துப் பிடித்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் தொப்பியைக் கழற்றும்போதெல்லாம் உள்பக்கம் பிதுங்கி வரும்.

நூலில் உள்ளடுக்குக்கு மெரினோ, வெளியே அக்ரிலிக் என்பது என் தேர்வு. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஈரமென்றே தோன்றாமல் வாங்கிக்கொள்ளும். அக்ரிலிக் வியர்வையைத் தோலிலேயே விட்டுவிடும். உலக மொஹேர் உற்பத்தியில் ஏறக்குறைய பாதி இந்த நாட்டில், பெரும்பாலும் கிழக்குக் கேப்பில் நடக்கிறது, எனவே அதையும் மறக்க வேண்டாம். வெளியடுக்கில் மெல்லிய மொஹேர் இழை ஒன்றைச் சேர்த்தால் அதன் ரோமம் கண்ணி இடைவெளிகளை அடைத்துவிடும். நெற்றியில் மட்டும் அது படக்கூடாது, அரிக்கும்.

உள்ளே மெரினோ இருந்தால் வெந்நீரும் மெஷினின் உலுக்கலும் ஆகாது, சுருங்கித் தடித்துவிடும். குளிர்ந்த நீரில் அலசி, துண்டில் சுருட்டி ஒற்றி, கிடத்திக் காய வையுங்கள். அக்ரிலிக் மெஷினைத் தாங்கும், ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இழை தளர்ந்து தொய்ந்துவிடும். அப்படித் தளர்ந்த விளிம்பு பிறகு எத்தனை முறை துவைத்தாலும் காதைப் பிடிக்காது.