லேப்டாப் கார்டு பார்க்காததை இந்தக் குட்டி அடாப்டர் பார்த்தது

வீட்டில் ஒரு வைஃபை பல்ப். ராத்திரி ஏதோ ஒரு நேரத்தில் ஆப்பில் 'ஆஃப்லைன்' என்று காட்டும், ஸ்விட்சை அணைத்துப் போட்டால் மறுபடி வந்துவிடும். என்னதான் நடக்கிறது என்று பார்க்க நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளை, அதாவது டேட்டா துண்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை லேப்டாப்பில் திறந்தேன். விண்டோஸ், கூடவே வந்த வைஃபை கார்டு. மற்ற சாதனங்களின் பாக்கெட்டையும் எடுக்கச் சொல்லும் ப்ராமிஸ்க்யூவஸ் மோடில் டிக் இருந்தால் ஒரு பாக்கெட்கூட வரவில்லை, டிக்கை எடுத்தால் என் லேப்டாப்பின் பாக்கெட்டுகள் மட்டும் வருகின்றன, பல்ப் பேசுவது எதையும் காணோம். வயர்ஷார்க்குக்குப் பாக்கெட் பிடித்துத் தரும் என்பிகேப்பை நீக்கிவிட்டு, 802.11 ரா டிராஃபிக் கட்டத்தில் டிக் போட்டு மறுபடி நிறுவியும், காற்றில் வரும் வைஃபை பாக்கெட்டுகளை (ஃபிரேம்களை) அப்படியே காட்டும் மானிட்டர் மோடு வரவில்லை. வயர்ஷார்க் மேல் தப்பில்லை. சாதாரண மோடில் டிரைவர், காற்றில் வரும் ஃபிரேமுக்கு ஈத்தர்நெட் வேஷம் போட்டுத்தான் மேலே அனுப்பும். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ரவுட்டர் விடாமல் அனுப்பும் பீக்கன் மாதிரி விஷயங்கள் அதோடு சரி, மேலே வராது.

அதனால் மானிட்டர் மோடுக்காக வாங்கியதுதான் ஏதெராஸ் ஏஆர்9271 சிப் உள்ள இந்த யூஎஸ்பி அடாப்டர். உண்மையில் இது இரண்டாவது. முதலில் வந்ததில் மாடல் பெயர் அதேதான், பெட்டி மூலையில் பொடி எழுத்தில் வி2 என்று மட்டும் இருந்தது, உள்ளே சிப்பே வேறு! திருப்பி அனுப்பிவிட்டேன். இதைச் செருகி லினக்ஸில், செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடித்ததும் 9271 என்று தெரிந்த பிறகுதான் நிம்மதி.

டிரைவர் லினக்ஸின் கெர்னலிலேயே இருக்கிறது, தனியாகக் கம்பைல் செய்யும் தலைவலி இல்லை. ஆனால் லினக்ஸில் வைஃபை இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் நடுவில் புகுந்து மோடை மாற்றிவிடும், இந்த அடாப்டரைத் தொடாதே என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும். எந்தச் சேனலில், அதாவது எந்த அலைவரிசையில் கேட்க வேண்டும் என்பதையும் நாமே குறித்துக் கொடுக்க வேண்டும். என் ரவுட்டர் 6-ஆம் சேனலில் இருந்தது, அடாப்டரை அங்கே நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். நொடிக்குப் பத்து பீக்கன் சீராக வந்துகொண்டிருந்தது, ராத்திரி இரண்டு மணி வாக்கில் டக்கென்று நின்றது. 11-க்கு மாற்றிப் பார்த்தால் ரவுட்டர் அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது! பல்ப் பாவம், 6-லேயே 'ரவுட்டர் இருக்கிறதா' என்று கேட்கும் ப்ரோப் அனுப்பித் தேடிக்கொண்டிருந்தது. ரவுட்டரில் 'ஆட்டோ' சேனலை எடுத்துவிட்டு 6 என்று போட்டேன், மூன்று வாரமாக பல்ப் விழவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஆன்டெனா மூட்டு லூசு, நிமிர்த்தி வைத்தால் ஐந்து நிமிடத்தில் படுத்துக்கொள்கிறது, நான் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். பாக்கெட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் பாஸ்வேர்டு மட்டும் போதாது, இணையும்போது நடக்கும் நான்கு செய்தி ஹேண்ட்ஷேக்கும் பிடிபட வேண்டும், அதனால் கேப்சர் ஓடும்போதே பல்பை அணைத்துப் போடுங்கள். அதன் அடுத்த தலைமுறையான டபிள்யூபிஏ3 என்றால் பாஸ்வேர்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இதெல்லாம் நம் வீட்டு வைஃபையில் மட்டும், பக்கத்து வீட்டுப் பக்கம் போகாதீர்கள்.

அப்புறம் ஒன்று, இது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். போன், டிவி எல்லாம் 5-இல் ஓடுகிற வீடு என்றால் இதில் காசு போடாதீர்கள், மீடியாடெக் எம்டி7612யூ சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.