கறுப்புக் கார்: செராமிக்கா, பிபிஎஃப்பா?

புதுக் கறுப்புக் காரை வெயிலில் நிறுத்தி, பானெட்டில் சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கீறல்கள் தெரியும். டெலிவரிக்கு முன் தூசித் துணியால் துடைத்ததன் பலன். பெயிண்டைக் காக்க செராமிக் பூச்சு, பிபிஎஃப் படலம் என எதைப் போட்டாலும் முதலில் பாலிஷ் செய்து இவற்றை எடுத்தாக வேண்டும்; இல்லையென்றால் கீறல் அப்படியே உள்ளே மாட்டிக்கொள்ளும். பெயிண்டின் மேலிருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர்கோட்டே பொதுவாக 40-50 மைக்ரான்தான், ஓவராகத் தேய்க்க விடாதீர்கள்.

செராமிக் கோட்டிங் ஓரிரு மைக்ரான் பூச்சு. கறுப்புக்கு ஆழம் கூடும், தண்ணீர் உருண்டு ஓடும், கழுவுவது சுலபம். கல்லடி மட்டும் தாங்காது. கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் '9எச்' என்பது பென்சிலால் கீறிப் பார்த்துக் கடினத்தைச் சொல்லும் சோதனை அளவுதான். அதை நம்பி அழுக்குத் துணியால் துடைத்தால் மறுபடி வட்டக் கீறல்தான். போர் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் உப்புக் கறையும் படியும்.

பிபிஎஃப் (பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) என்பது 150-200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் படலம். முன்னால் போகும் லாரி தெறிக்கவிடும் கல்லை அது வாங்கிக்கொள்ளும். நல்ல படலமென்றால் லேசான கீறல் வெயில் சூட்டில் தானே மறையும். விலைதான் பல மடங்கு.

ஊருக்குள் ஓட்டுபவருக்கு செராமிக் போதும். அடிக்கடி நெடுஞ்சாலையா? பானெட், முன் பம்பர், சைடு மிரருக்கு மட்டும் பிபிஎஃப், மீதிக்கு செராமிக் என்பேன்.