3 பவுண்டு ரப்பர் டிரம் கல் பாலிஷ் மெஷின்: வாங்கலாமா?

கோடையில் தாமிரபரணி ஆற்றில் தண்ணீர் இறங்கியதும் குறுக்குத்துறை, சேரன்மகாதேவிப் பக்கம் பிள்ளைகளோடு கல் பொறுக்கப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் தாமிரபரணி உருட்டி வருவது பெரும்பாலும் நைஸ் (gneiss) என்ற பாறை வகையும் வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) தான். வரி வரியான அகேட் என்ற மணிக்கல், தக்காண எரிமலைப் பாறைச் சரக்கு. கிருஷ்ணா, கோதாவரிப் படுகைகளில் தேட வேண்டும். கல்லுக்கு அடியில் மொபைல் டார்ச்சைப் பிடியுங்கள். வரிகளோடு விளிம்பில் வெளிச்சம் கசிந்தால் அகேட். ஒளியே விடாமல் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் ஜாஸ்பர் என்ற மணிக்கல்லாக இருக்கலாம். இரண்டுமே கண்ணாடியைக் கீறும். ஆதிச்சநல்லூர் தொல்லியல் மேட்டில் மட்டும் ஒரு கல்லைக்கூடத் தொடாதீர்கள்.

டிரம்மில் மூன்றில் இரண்டு பங்கு கல், கல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தண்ணீர், 60/90 சிலிக்கான் கார்பைடு தூள் 4 மேசைக்கரண்டி (எண் கூடக்கூடத் தூள் நுண்மையாகும்). ஒரு வாரம் ஓடட்டும். அடுத்து 120/220, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு. ஒவ்வொன்றும் ஒரு வாரம். கல் குறைவாக இருந்தால் உருளாமல் விழுந்து மோதி, பிறை பிறையாகக் கீறல் விழும். முந்தைய தூளில் ஒரு துணுக்கு கல்லின் குழியில் ஒளிந்திருந்தாலும் பாலிஷ் கெட்டது; பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

டிரம் மூடிதான் இந்த மெஷினின் பலவீனம். விளிம்பில் தூள் ஒட்டியிருந்தால் ராத்திரியெல்லாம் தண்ணீர் கசிந்து, டிரம்மைச் சுழற்றும் பெல்ட் வழுக்கும். கழிவுச் சேற்றைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், சிமெண்டாக இறுகிவிடும். கரண்ட் நெடுநேரம் போனால் டிரம்மைக் கையால் உருட்டிவிட்டு ஓட்டுங்கள்.